மத்தியானத் தூக்கம்

போத்தனூர் சத்தியசீலனின் மத்தியானத் தூக்கத்தைக் கலைக்க அந்த வீட்டில் யாருக்கும் தைரியம் கிடையாது. ரயில்வேயில் இரவு ஷிப்ட் பார்த்த காலத்துப் பழக்கம். பென்ஷன் வாங்க ஆரம்பித்த பிறகும் வீடு அந்தச் சட்டத்தை விடவில்லை. சாப்பிட்டுவிட்டு மாடியிலிருக்கும் தகர ஷீட் அறைக்கு ஏறினால், அவராக இறங்கி வரும்வரை மிக்ஸிகூட ஓடாது. "நம்ம கோயமுத்தூர் வெயில் என்ன கண்ணு பண்ணும்?" என்பார் மருமகள் ரெபேக்காவிடம். அந்தப் பழைய குளுகுளு கோயமுத்தூர் இப்போது எங்கே இருக்கிறதாம்? அதை அவரிடம் யார் சொல்வது!

அந்த மே மாத நாளில் காலையிலேயே கரண்ட் போய்விட்டது. புருஷன் கிறிஸ்டோ வேலைக்குப் போயிருந்தான். மதியம் துணி எடுக்க மாடிக்குப் போன ரெபேக்கா, ஜன்னல் வழியே மாமனாரைப் பார்த்தாள். பாயில் மல்லாந்து கிடந்தார். முகத்தில் ஒரு பொட்டு வேர்வை இல்லை. பரவாயில்லை, சுகமாகத்தான் தூங்குகிறார் என்று சத்தமில்லாமல் இறங்கினாள்.

பாதிப் படியில் சட்டென்று நின்றாள். வெளியே நின்ற தனக்கே நைட்டி தொப்பலாக நனைந்திருக்கிறது. கொதிக்கிற தகரத்துக்கு அடியில் கிடப்பவருக்கு ஏன் வேர்க்கவில்லை?

திரும்பி ஓடினாள். கதவைத் தொட்டதும் கை தயங்கியது. பாழாய்ப்போன மரியாதை! தள்ளித் திறந்து நெற்றியைத் தொட்டால் அனலாகச் சுட்டது.

"மாமா! எந்திரிங்க மாமா!"

கண் திறந்தது. பார்வை எங்கோ இருந்தது.

"ஏனுங்க... நீங்க யாருங்க?"

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கண்ணு என்று மட்டுமே கூப்பிட்ட வாய் அது.

நூற்றியெட்டுக்குப் போன் போட்டாள். "வண்டி வருதுங்க. நெனவு தெளியாம வாயில எதுவும் ஊத்தாதீங்க. ஒடம்ப நனைச்சு விசிறிட்டே இருங்க" என்றது குரல்.

பக்கத்து வீட்டு நவ்யாவைக் கூவி அழைத்தாள். இருவரும் அவரைப் பாயோடு படிக்கட்டு நிழலுக்கு இழுத்தார்கள். குழாயைத் திறந்தால் தொட்டித் தண்ணீர் கையைச் சுட்டது. பத்து நாளைக்கு ஒருமுறை வரும் நல்ல தண்ணீர்தான் சமையலறையில் குளிர்ந்து கிடந்தது. குடம் குடமாகச் சுமந்து வந்தாள். பனியனைக் கிழித்தாள். மாமனார் உடம்பைத் தொடும் கூச்சமெல்லாம் பயத்தில் காணாமல் போனது. தலை, கழுத்து, அக்குள் என்று ஊற்ற ஊற்ற, நவ்யா முறத்தால் விசிறினாள். "இயேசப்பா, கைவிட்றாதீங்க" என்று ரெபேக்கா அரற்றிக்கொண்டே இருந்தாள்.

தெருமுனையில் சைரன் கேட்டபோது அவர் உதடு அசைந்தது.

"நல்ல தண்ணியவா ஊத்திப்போட்ட... கண்ணு?"

ரெபேக்கா ஓவென்று அழுதாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் கீழே ஹாலில்தான் படுக்கிறார். வெயில் இன்னும் இறங்கவில்லை. மத்தியானம் அடிக்கடி அவள் அவரை உலுக்குகிறாள். "மாமா, நான் யாருங்க?"

"தூங்க உடு கண்ணு" என்று சலித்துக்கொள்கிறார். அந்தப் பதில் வரக் கொஞ்சம் தாமதமானாலும் அவள் கை குடத்துக்குப் போய்விடுகிறது.