துணிக்குள் ஒரு புளியங்கொட்டை

கௌசிகா மிஸ் பையிலிருந்து அதை வெளியே எடுத்ததும் பாலர் பாடசாலை மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. தோல் நிறத் துணியில் தைத்துப் பஞ்சு அடைத்த ஒரு மார்பு. வந்திருந்த பதினேழு பெண்களும் சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கிண்ணியாவில் நான்கு வருடமாக மிட்வைஃப் வேலை பார்க்கும் கௌசிகாவுக்கு அந்தச் சிரிப்பு புதிதல்ல.

"சிரிங்கோ, பரவாயில்ல. ஆனா ஒவ்வொருத்தரும் கையில எடுத்துப் பாருங்கோ. உள்ளுக்கு ஒரு கட்டி இருக்கு. தேடிப் பிடிக்கோணும்."

கடைசி வரிசையில் இருந்த சுஹைரா தலையைக் குனிந்துகொண்டாள். அதைத் தைத்தவள் அவள்தான். கட்டிக்காக ஒரு புளியங்கொட்டையை எங்கே வைப்பது என்று யோசித்து, கடைசியில் தனக்குக் கட்டி இருந்த இடத்திலேயே, அக்குளுக்குக் கிட்ட ஓரமாக வைத்துத் தைத்திருந்தாள். இதே அளவில் தைத்த இன்னொன்று, கொட்டையில்லாமல், அவளது அபாயாவுக்குள் இடது பக்கத்தில் இருந்தது. அது கௌசிகாவுக்கும், அக்கரைப்பற்றில் கட்டிக்கொடுத்த மகள் பஹ்மியாவுக்கும் மட்டும்தான் தெரியும். கணவன் இறந்தபின் தையல் மெஷினோடு தனியாக வாழ்கிற ஒருத்தி ஐந்து மாதம் ஊரில் இல்லாமல் போனதற்கு, கொழும்பில் தம்பி மனைவியின் பிள்ளைப்பேறு என்று ஒரு காரணம் சொல்லியிருந்தாள். ஊரும் நம்பியிருந்தது.

மாதிரி கைமாறிக்கொண்டே வந்தது. சிலர் அழுத்திப் பார்க்காமலே அடுத்தவளிடம் தள்ளினார்கள். பக்கத்து வீட்டு நஜ்முன் நிஸாவின் கைக்கு வந்தபோதுதான் சுஹைரா நிமிர்ந்தாள். நஜ்முனின் விரல் எங்கும் தேடவில்லை. நேரே ஓரத்துக்குப் போய் அங்கேயே நின்றது. முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே காய்ந்துபோனது.

"எனக்கு ஒண்டும் தட்டுப்படல்ல" என்று சொல்லி அவள் அதை அடுத்தவளிடம் கொடுத்தாள்.

அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு சுஹைரா நஜ்முன் வீட்டுக் குசினிக்குப் போனாள். நஜ்முன் பலகையில் குந்தி மீன் செதில் சீவிக்கொண்டிருந்தாள். கணவன் அபூதாஹிர் வலை பின்னப் போயிருந்தான்.

"எப்ப இருந்து?"

"என்னது ராத்தா?"

"உன்ட விரல் தேடல்ல, நஜ்முன். நேரே போய் நிண்டிச்சி. அந்தக் கொட்டைய வெச்சுத் தைச்சது நான்தான்."

கத்தி நின்றது. "நோன்புக்கு முந்தி" என்றாள் நஜ்முன், மீனைப் பார்த்தபடி. "நோகல்ல. நோகாததுக்கு என்னத்துக்கு டொக்டர்? வெளிய தெரிஞ்சா என்ட மகள ஆரு கேட்டு வருவாங்க?"

இதே சொற்களைத்தான் சுஹைராவும் கௌசிகாவிடம் சொல்லி எட்டு மாதத்தைக் கடத்தியிருந்தாள். அவள் குனிந்து, செதில் ஒட்டிய அந்தக் கையைப் பிடித்துத் தன் இடது மார்பில் வைத்தாள். "அமத்திப் பாரு." விரல்கள் பஞ்சுக்குள் இறங்கின. நஜ்முன் சுட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டாள்.

"கொழும்புல புள்ளப்பேறு எண்டது பொய். மகரகம கேன்சர் ஆஸ்பத்திரியிலதான் கிடந்தனான். ரெண்டு வருசமாகுது. உசிரோட இருக்கன்."

"இத எனக்கு ஏன் சொன்னீங்க?" நஜ்முனின் குரலில் பயத்தைவிடக் கோபமே அதிகம் இருந்தது.

"செவ்வாக்கிழமை டவுண் பெரியாஸ்பத்திரியில கிளினிக். காலம ஆறரை பஸ்ஸுக்கு நான் ஹோல்ட்டில நிப்பன்."

நஜ்முன் மீனைக் கழுவத் தொடங்கினாள்.

அந்த வெள்ளிக்கிழமை நஜ்முன் வீட்டிலிருந்து வழக்கமாக வரும் கறிக்கோப்பை வரவில்லை. சனிக்கிழமை, ஹஜ்ஜுப் பெருநாளுக்குத் தைக்கத் துணி கொடுத்திருந்த சனூஸா, இப்போது தேவையில்லை என்று ஆளனுப்பித் திருப்பி எடுத்துக்கொண்டாள். அவளுக்குச் சங்கதி தெரிந்துவிட்டதா, அல்லது வேறு தையல்காரி கிடைத்துவிட்டாளா என்று சுஹைராவால் கேட்க ஏலவில்லை. ஞாயிற்றுக்கிழமை அக்கரைப்பற்றிலிருந்து மகள் பஹ்மியா போன் எடுத்தாள். "உம்மா, ஆருக்கிட்டயாச்சும் சொன்னீங்களா?"

"இல்ல புள்ள."

"மாமிக்குத் தெரிய வந்தா நான் இங்க இருக்க ஏலாது உம்மா. சொல்லிட்டன்."

போனை வைத்த பிறகு சுஹைரா மெஷின் முன்னால் இருந்தாள். தைக்க ஒன்றும் இருக்கவில்லை. மகரகமவில் பக்கத்துக் கட்டில் பெண்கள் பேசிய சிங்களத்தில் பாதிகூட அவளுக்கு விளங்கியதில்லை. ஆனாலும் அவர்களில் ஒருத்தி முடி கொட்டிய தலையைத் தடவிக்கொண்டு இவளைப் பார்த்துச் சிரிப்பாள், இவளும் சிரிப்பாள். பிறந்து வளர்ந்த ஊரில், எல்லாரும் தன் மொழி பேசும் தெருவில், அப்படிச் சிரிக்க ஒருத்தியும் இல்லை.

செவ்வாய்க்கிழமை ஹோல்ட்டில் தனியாகத்தான் நின்றாள். பஸ் வந்து, கண்டக்டர் கத்தத் தொடங்கியபோது, முகத்தை மூடிக்கொண்டு ஒரு பெண் ஓடிவந்து முன்கதவால் ஏறினாள். நடையிலேயே நஜ்முன் என்று தெரிந்தது. அவள் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. சுஹைரா பின்கதவால் ஏறினாள். பாலம் கடந்து, டவுண் போகும் வரைக்கும் முன்வரிசையில் அந்தத் தலை ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

ஆஸ்பத்திரி நடையில் சனம் இடித்துக்கொண்டு போனது. நஜ்முன் நடுவில் நின்று போர்டுகளை மாறி மாறி வாசித்தாள். யாரிடமும் கேட்கவில்லை. எதைக் கேட்பது என்று வாய் வராமல் நிற்கிறாள் என்பது சுஹைராவுக்குத் தெரியும். தானும் அதே இடத்தில் அப்படி நின்றிருக்கிறாள். கையைப் பிடித்துக் கூட்டிப் போகலாம். பார்த்தவர்கள் பார்க்கட்டும். ஆனால் அவள் கையைப் பிடிக்கவில்லை. நஜ்முனின் தோளை உரசினாற்போல் கடந்து, இடப்பக்கம் திரும்பி, கிளினிக்குக்குப் போகும் படியில் ஏறத் தொடங்கினாள்.

மூன்றாவது படியில் பின்னால் ஒரு செருப்புச் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. சுஹைரா திரும்பிப் பார்க்காமல், அந்தச் சத்தம் பின்தங்கிவிடாத அளவுக்கு, மெதுவாக ஏறினாள்.