பதின்மூன்றாவது கிலோமீட்டரில் இரண்டு நிமிடம்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை பயத்தில் பிறந்தது. அக்காவிடம் சொல்ல வேண்டியதைச் சொல்ல வாய் வராமல், ஆஸ்பத்திரி வராந்தாவில், காலையில் ஓட்டப் போட்டிக்காக மார்பில் குத்தியிருந்த எண் அட்டையின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். உள்ளே அக்காவின் கணவர், என் அத்தான், படுத்திருக்கிறார்.

2

முதல் தொடக்கம்: மூடுபனி விலக, மலைகள் ஒவ்வொன்றாக...

(அடித்துவிட்டேன். மலை அழகாகத்தான் இருந்தது. இப்போது அதை வர்ணிக்க வெட்கமாக இருக்கிறது.)

இரண்டாவது தொடக்கம்: நான் பேஸர். இருபத்தோரு கிலோமீட்டரை இரண்டரை மணி நேரத்தில் முடிக்க விரும்புகிறவர்கள் என் முதுகில் கட்டிய கொடியைப் பார்த்துக்கொண்டே பின்னால் வருவார்கள். கடிகாரம் பார்ப்பது என் வேலை. நம்புவது அவர்கள் வேலை.

"நான் மணியே பாக்கப்போறதில்ல மச்சான். உன் கொடி போதும்," என்றார் அத்தான்.

போன வருடம் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. மெதுவாக ஓடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "அவரு மூச்சு உன் காதுல விழுந்துட்டே இருக்கணும்டா," என்று அக்கா இரண்டு முறை சொல்லி அனுப்பினாள்.

3

இந்தக் கதாநாயகனை நான் நம்பவில்லை. (நான்தான் அவன்.) பள்ளத்தாக்குச் சாலையில் அவன் கைக்கடிகாரத்துக்குச் செயற்கைக்கோள் சிக்னல் விட்டுவிட்டு வந்ததால், அது ஓடிய தூரத்தைக் குறைத்துக் காட்டியது. பதின்மூன்றாவது கிலோமீட்டர் பலகையைப் பனியில் தவறவிட்டான். இரண்டு நிமிடம் பின்தங்கிவிட்டதாக நினைத்தான். விட்ட நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பிடிக்க வேண்டும், ஏற்றத்தில் கூடவே கூடாது என்று எந்த பேஸரும் தூக்கத்தில்கூடச் சொல்வான். இவன் ஏற்றத்திலேயே காலை எட்டிப் போட்டான். கொடி தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் மானம் போய்விடுமாம்.

பதினைந்தாவது பலகையில் உண்மை தெரிந்தது. அவன் பின்தங்கவே இல்லை; இப்போது இரண்டு நிமிடம் முந்தியிருந்தான். திரும்பிப் பார்த்தான். வளைவு வரைக்கும் பனி. பின்னால் வந்த மூச்சுச் சத்தம் எப்போது

(இந்த வாக்கியத்தை நான்கு முறை தொடங்கிவிட்டேன்.)

4

முடிவு ஒன்று: பனிக்குள்ளிருந்து அத்தான் திட்டிக்கொண்டே வருகிறார். "என்ன ஓட்டம்டா இது, உன்ன யாராச்சும் துரத்துறாங்களா?"

(இது என் ஆசை. நான் திரும்பி ஓடியபோது அவர் சாலையோரக் கல்லில் நெஞ்சைப் பிடித்தபடி சாய்ந்திருந்தார். "கொடிய விட்டுட்டேன் மச்சான், மன்னிச்சிரு" என்றார். என்னிடம்.)

முடிவு இரண்டு: பழைய நெஞ்சுவலி, வயசு, விதி என்று சொல்லிவிடுகிறேன். அக்கா நம்பிவிடுகிறாள்.

(இது தங்குதடையில்லாமல் எழுத வருகிறது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.)

5

கதவு திறக்கிறது. அக்கா. அழுது முடித்த குரல்.

"அவரு எப்பவும் போற வேகத்துலதான் போனாரா, இல்ல கூடுதலா ஓடினாரான்னு டாக்டர் கேக்குறாரு. அத வச்சுதான் அடுத்து என்ன பண்றதுன்னு பாப்பாராம். எனக்கென்னடா தெரியும்? கூட ஓடினவன் நீதான. வந்து சொல்லு."

"சீராத்தான் ஓடினோம்" என்பது நாக்கு நுனியில் நிற்கிறது. அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறாள். பேனாவை மூடப்போகிறேன். முடிவை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் என்னை நல்லவனாக எழுத அவசரப்படாதீர்கள். வாயைத் திறந்தால் எது வரும் என்று எனக்கே தெரியவில்லை.