குறைவுக்குக் கட்டம் இல்லாத படிவம்

இருநூற்றுப் பதினாலாம் நம்பர் மரம் அந்த வருஷம் நான்கு சென்டிமீட்டர் இளைத்திருந்தது. பட்டை உரிந்து இளைக்கவில்லை. வைரம் பாய்ந்த மரமே உள்ளுக்குள் ஒரு சுற்றுக் குறைந்து, முந்தின வருஷத்து மரமாகிவிட்டது, உயரமும் ஒரு முழம் இறங்கியிருந்தது. நம்பர் எழுதிய தகர வில்லைக்கு நேராக டேப்பைச் சுற்றிப் பார்த்த பெண்ணை வன ஆபீஸ் முழுக்க டேப்பக்கா என்றுதான் கூப்பிடும். வெயில் காலம் முடிகிற வாரத்தில் காட்டு மரங்களை அளந்து படிவத்தில் எழுதுவது பத்தொன்பது வருஷமாக அவள் வேலை. மூன்று தரம் சுற்றினாள், மூன்று தரமும் அதே எண். காடு மொத்தம் எட்டுத் துண்டு. ஏழு துண்டுகளில் எல்லா மரமும் இளைத்திருந்தன, எட்டாவதில் மட்டும் எப்போதும் போலப் பருத்திருந்தன.

காரணம் தெரியாமல் ஒன்றுமில்லை. புதிதாக வந்த அதிகாரி, வந்த மறுமாதமே காட்டைச் சுத்தம் செய்யச் சொன்னார். குட்டை மரம், கன்று, கொடி, புதர், விழுந்து மக்கிய கட்டை எல்லாம் தண்டச்சோறாம். எடுத்துவிட்டால் அத்தனை தண்ணீரும் பெரிய மரங்களுக்கே போய்ச் சேருமாம். ஏதோ புத்தகத்தில் படித்திருந்தார். மழை சொன்ன மாதத்தில் பெய்த காலத்துப் புத்தகம் அது. டேப்பக்காவின் கூடப்பிறந்த தம்பிதான் மிஷின் ரம்பக்காரன், அவன் ஆட்கள் இரண்டே வருஷத்தில் ஏழு துண்டையும் வழித்தெடுத்தார்கள். ஒரே உயரம், ஒரே இடைவெளி. அதிகாரி ஜீப்பில் உட்கார்ந்தபடி பார்த்துவிட்டு, "இப்பத்தான்யா காடு மாதிரி இருக்கு" என்றார். அடப்பாவி மனுஷா! அடுத்த வருஷம் மழை இரண்டு மாதம் தள்ளிப் போனது, அதற்கடுத்த வருஷம் ஒரே நாளில் கொட்டிவிட்டுப் போனது. நிழல் போன தரை வெந்து வெடித்தது, கொட்டிய தண்ணீரைப் பிடித்து வைக்கச் சருகுகூட இல்லை. எட்டாம் துண்டு தப்பியதற்குக் காரணம் ஜீப் ஏற முடியாத சரிவு, வேறு யாருடைய புண்ணியமும் இல்லை. அங்கே பெரிய மரத்துக்குக் கீழே சின்ன மரம், அதற்குக் கீழே கன்று, அதற்கும் கீழே மக்கின கட்டை. அதே வெயில்தான் அங்கேயும் அடித்தது, ஆனால் மண்ணில் கை வைத்தால் சில்லென்று இருந்தது.

டேப்பக்கா உண்மையைத்தான் எழுதிக் கொடுத்தாள். படிவத்தில் வளர்ச்சிக்கு ஒரு கட்டம் இருந்தது, குறைவுக்குக் கட்டம் இல்லை. குறைந்த எண்ணைக் கம்ப்யூட்டர் வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டது. "மரம் எங்கயாவது இளைக்குமாம்மா? டேப்ப இறுக்கிப் புடிச்சிருப்ப" என்று அதிகாரி திருப்பிக் கொடுத்தார். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள், இந்த ஆளுக்கு அளக்கிறவளே கோணல். மூன்றாம் தரம் திரும்பி வந்தபோது அவள் போன வருஷத்து எண்ணோடு ஒன்றைக் கூட்டி எழுதிவிட்டாள். கம்ப்யூட்டர் உடனே வாங்கிக்கொண்டது. அந்த ஒரு ஒன்றுதான் எங்கள் காட்டுக்கு எமன். வருஷா வருஷம் ஒன்று கூட்டினாள், வருஷா வருஷம் மரம் இறங்கியது. வீட்டுயரம் ஆனது, ஆளுயரம் ஆனது, ஏழாம் வருஷம் ஒரு சாண் கன்றாக நின்றது, தகர வில்லையின் பாரம் தாங்காமல் தலை சாய்ந்து. ஊரில் நாங்களும் போகும்போதும் வரும்போதும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். எங்களுக்கு வாயில்லையா என்ன? வெட்கக்கேடு.

காகிதத்தில் மட்டும் காடு கொழுத்திருந்தது. அதைக் காட்டி அதிகாரி பாராட்டு வாங்கினார், எட்டாம் துண்டின் சரிவில் ஜீப்புக்குப் பாதையும் வெட்டினார். அதையும் சுத்தம் செய்ய அளவுக்காரியின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. காகிதத்தைத் தம்பிதான் அவள் சமையற்கட்டுக்குக் கொண்டுவந்தான்.

"போட்டுக் குடுக்கா. காலைல மிஷின் ஏத்தணும்."

"ஏழு துண்டும் எப்படிக் கெடக்குன்னு பாத்தியாடா?"

"பாத்தேன், முழங்காலுக்குக் கீழ நிக்குது. என்னைய ஏன் கேக்குற? வளந்துருக்குன்னு எழுதுனது நீதான?"

செருப்பால் அடித்தது போலிருந்தது அவளுக்கு. அடுப்பை அணைத்தாள். காட்டுக்குப் போய் இருநூற்றுப் பதினாலை வேரோடு, மண்ணோடு தோண்டி, தண்ணீர் குடிக்கிற டம்ளரில் வைத்து, நேராக அதிகாரியின் மேஜையில் கொண்டுபோய் வைத்தாள். தம்பி பின்னாலேயே ஓடிவந்து வாசலில் நின்றான்.

"யாருன்னு தெரியுதா சார்? எரநூத்துப் பதினாலு. வேலைக்குச் சேந்த அன்னிக்குக் கட்டிப்புடிச்சுப் பாத்தேன், ரெண்டு கையும் எட்டல. நான் எழுதுனது பூராப் பொய். எட்டாம் துண்டுக்குக் கையெழுத்துப் போட்டா என் கை வெளங்காது."

அதிகாரி வில்லையைத் திருப்பி நம்பரைச் சரிபார்த்தார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. "கன்னு நல்லாத்தான் இருக்கு. புதுசா நட்டதுன்னு காட்டிட்டாப் போச்சு" என்றார். ஏழு துண்டிலும் நின்ற நாலாயிரம் கன்றுகளையும் புதிதாக நட்டவை என்று அங்கேயே எழுதி, தன் கையெழுத்தையும் போட்டார். "ஒனக்குப் பதிலா நாளைக்கே வேற ஆள் வரும்மா."

"சீ, நீங்கள்லாம் ஒரு மனுஷனா!" என்றாள் டேப்பக்கா. வாசலில் நின்ற தம்பி உள்ளே வந்து, காலையில் மிஷின் ஏற்றக் கொடுத்திருந்த ஜீப் சாவியை மேஜையில் வைத்துவிட்டு, டம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தான்.

புதிதாக நட்ட கன்று எங்கே நின்றாலும் ஐந்து வருஷத்துக்கு அதன் மேல் சக்கரம் படக்கூடாது, கத்தி படக்கூடாது. அந்த ஆபீஸின் சட்டம்தான் அது, வாசலிலேயே பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். அன்று மதியமே தம்பி எட்டாம் துண்டுக்கு வெட்டிய பாதையின் நட்டநடுவில் இருநூற்றுப் பதினாலை நட்டான். அதைப் பார்த்த பிறகுதான் எங்களுக்கும் ரோஷம் வந்தது. மூன்று நாள், வீட்டுக்கு ஒரு கூடை, நாலாயிரம் மரத்தையும் தூக்கிப் போய்ப் பாதை நெடுக நட்டோம், வில்லையைக் கழற்றவில்லை. அதிகாரி வந்து பார்த்தார், தான் போட்ட கையெழுத்தையும் பார்த்தார், ஜீப்பைத் திருப்பிக்கொண்டு போனார்.

அவருக்கு மாற்றல் வந்தது, பதவி உயர்வோடுதான், நாசமாய்ப் போக. அளக்க வருவதாகச் சொன்ன வேறு ஆள் வரவேயில்லை. மறுவருஷம் வெயில் இன்னும் கடுமை. டேப்பக்கா பாதையில் முட்டி போட்டு உட்கார்ந்து இருநூற்றுப் பதினாலை அளந்தாள். மரத்தின் வயது அறுபத்தெட்டு. உயரம் ஒரு சாண், இரண்டு விரல். வளர்ச்சி இரண்டு விரல். கம்ப்யூட்டர் வாங்கிக்கொண்டது.