கழுவாத கரியும் ஒரு வரித் திருத்தமும்

1

இந்தக் கதைக்கு உத்வேகம், உள்ளொளி என்று எந்தக் காரணமும் கிடையாது. ஒரு வரி எழுதப் பயந்தேன். அதற்குப் பதில் இதை எழுதுகிறேன். இந்தோனேசியாவில், யோக்யகர்த்தாவில் ஒரு பல்கலைக்கழகத்தின் செய்திப் பிரிவில் எனக்கு வேலை. ஆய்வாளர்கள் "ஓரளவு" என்றால் நான் "உலகிலேயே" என்று எழுதுவேன். சம்பளமே அதற்குத்தான்.

முதல் தொடக்கம்: குப்பைமேட்டின் மேல் சூரியன் உதித்தபோது, ஓர் இளம்பெண் கண்ணீருடன்

(வேண்டாம். ரெங்கானிஸ் குப்பைமேட்டுக்குப் போனதே இல்லை. பாட்டில்கள் எங்கள் கேன்டீனில் பொறுக்கியவை.)

2

ரெங்கானிஸ் ஆய்வு மாணவி. பிளாஸ்டிக் பாட்டிலை நறுக்கி, காரம் (மிளகாய் இல்லை, அமிலத்துக்கு எதிரானது) கலந்து, உலையில் சுடுவாள். பாட்டில் கரியாகும், காரம் அரித்து அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் விழும், துளைகள் கரியமில வாயுவைப் பிடிக்கும். கடைசியில் காரம் போகும்வரை கரியைக் கழுவவேண்டும், பத்துப் பன்னிரண்டு தடவை.

நோன்புப் பெருநாளுக்கு எல்லாரும் ஊருக்குக் கிளம்பும் நாள். மூன்று மணிக்குப் பஸ். இரண்டு தடவையோடு நிறுத்திவிட்டாள்.*

(* பெருநாள் பஸ்ஸை விட்டுவிட்டுக் கரி கழுவியவர்கள் மட்டும் அவளைத் திட்டலாம்.)

திரும்பி வந்து, கரி பிடித்த வாயுவை அளந்தால், இதுவரை யாரும் காணாத அளவு! பேராசிரியர் சுகெங் என்னைக் கூப்பிட்டார். நான் "உலகிலேயே" போட்டேன். பிறகுதான் அவளுக்குச் சந்தேகம் வந்து, அதே கரியை ஒழுங்காகக் கழுவி அளந்தாள். பாதிக்கும் கீழே இறங்கியது. மிச்சத்தைப் பிடித்தது கரி இல்லை, உள்ளே தங்கிய காரம்.

3

அதற்குள் சாதனைக்கு விருந்து. மஞ்சள் சோற்றைக் கோபுரமாகக் குவித்து, அமைச்சகத்து விருந்தாளி முன்னால், பேராசிரியர் அதன் நுனியை வெட்டினார். நுனி யாருக்குப் போகிறதோ, அன்றைய மரியாதை அவருக்கு. ரெங்கானிஸிடம் தட்டை நீட்டினார்.

"பாக்," என்றாள், இங்கே ஐயாவுக்கு அதுதான் சொல். "நான் சரியாக் கழுவல. அந்த அளவு தப்பு."

"சாப்பிடும்மா, சோறு ஆறுது."

"தப்புன்னு சொல்றேன், பாக்!"

"வியாழக்கிழமை உனக்கு டாக்டர் பட்டத்துக்கு வாய்மொழித் தேர்வு, ஞாபகம் இருக்கா? ஏற்கெனவே மூணு நீட்டிப்பு. இன்னும் நீட்ட நான் என்ன ரப்பரா?"

விருந்தாளி சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

அவள் நேராக என்னிடம் வந்தாள். "அக்கா, நீங்கதானே எழுதினீங்க? நீங்களே திருத்திடுங்க. தேர்வுல போய் நான் மட்டும் உண்மையைச் சொன்னா, பொய் சொன்னது நான் மட்டும்னு ஆயிடும்."

"இரு, யோசிக்கலாம்."

"என்னத்த யோசிக்கிறது? ஒரு வரிக்கா!"

4

முடிவு ஒன்று: அவள் உண்மையைச் சொல்கிறாள், தேர்வுக்குழு எழுந்து நின்று கைதட்டுகிறது. (எந்த ஊரில்?)

முடிவு இரண்டு: அவள் வாயை மூடிக்கொண்டு டாக்டராகி, வேலையும் கிடைத்து

அடித்துவிட்டேன். அவள் அப்படிப்பட்டவள் இல்லை. நாளைக்குச் சொல்லத்தான் போகிறாள், தனியாக.

இன்று புதன். அந்த வரி இதுதான்: "நாங்கள் வெளியிட்ட அளவு தவறு, கரி முழுதாகக் கழுவப்படவில்லை, எழுதுமுன் நான் சரிபார்க்கவில்லை." எவ்வளவு சுலபம், பார்த்தீர்களா? கதைக்குள் எழுதினால் யாரும் வேலையைவிட்டுத் தூக்கமாட்டார்கள். எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் சௌகரியமாகவும் இருக்கிறது.

அலுவலகம் மூட இன்னும் அரை மணி நேரம். அந்த வரியை வெட்டியெடுத்து நீங்களே பத்திரிகைகளுக்கு அனுப்பிவிடுங்களேன். கீழே ஒரு கையெழுத்து வேண்டும். உங்களுடையதைப் போடுங்கள், எனக்குப் பிள்ளைகுட்டி இருக்கிறது.