நாலடி வெள்ளமும் லினக்ஸ் கணினியும்

அஜந்தாவின் மடிக்கணினியைக் கண்டதுமே நல்லரத்தினத்துக்கு நம்பிக்கை விட்டுப்போயிற்று. அதில் விண்டோஸ் இல்லை, காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸாம். இலக்கத்தகடு இல்லாத மோட்டார் சைக்கிளை வைத்திருப்பவனும் விண்டோஸ் இல்லாத கணினியை வைத்திருப்பவளும் ஒரு சாதிதான் என்பது, பாடசாலை அதிபராக ஓய்வுபெற்று இப்போது குருக்கள்மடத்துக் கமக்கார அமைப்புக்குத் தலைவராகியிருக்கும் அவருடைய தீர்ப்பு.

வட்டை வயலில் நாலடி வெள்ளம் நிற்கிறது, உடனே முகத்துவார மணல்திட்டை வெட்டி வாவித் தண்ணீரைக் கடலுக்கு விடுங்கள் என்று மாவட்டச் செயலகமான கச்சேரிக்குக் கடிதம் எழுதியிருந்தார். அளந்த ஆதாரத்தோடு நாளைக் கூட்டத்துக்கு வரச் சொல்லிவிட்டார்கள். வெட்டாவிட்டால் கதிர் தள்ளாத குடலைப் பருவ நெல் அழுகிவிடும். அதற்காகத்தான் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படித்த அஜந்தா நீர்மட்டக் கருவி ஒன்று செய்து, அதன் மூளையான சின்ன மின்சுற்றுப் பலகைக்கு வாய்க்கால் வரம்பில் உட்கார்ந்து நிரல் ஏற்றப் பார்த்தாள்.

பலகையைக் கணினி கண்டுகொள்ளவேயில்லை.

"கம்பனிக்காரன் லினக்ஸுக்கு ஒண்டும் செஞ்சு குடுக்கல்ல சேர். நாமதான் வழி தேடணும்."

"அப்ப கள்ளவழி?"

அவள் கறுப்புத் திரையில் எதையோ தட்டினாள். ஓர் எழுத்தும் விழவில்லை.

"எழுத்தே விழாம ஆருக்குப் பிள்ள அனுப்புறாய்?"

"கடவுச்சொல் சேர். அடிச்சாலும் காட்டாது."

"ஒளிக்க ஒண்டுமில்லாட்டி ஏன் காட்டாது?"

அரைமணி நேரம் கழித்து அஜந்தா சிரித்தாள். "பிடிச்சிட்டன்! கண் தெரியாத ஆக்களுக்குப் புள்ளியெழுத்துக் காட்டுற செயலி ஒண்டு, நம்மட பலகையைத் தன்ர சாமானெண்டு நினைச்சுப் பிடிச்சு வெச்சிரிக்கு." அதை அழித்தாள்.

"கண் தெரியாததுகள்ர சாமானிலயும் கைவெச்சிட்டியா!" தலைவர் நேரத்தையும் போட்டுக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

நிரல் ஏறியது. கருவியை வெள்ளத்தில் நட்டிருந்த கம்பத்தில் பூட்டினாள். திரையில் வந்தது: ஒன்றரை அடி.

"பாத்தியா, ஓசிச் சாமான் குறைச்சுத்தான் அளக்கும்!"

"இறங்கிப் பாருங்களன் சேர்."

வேட்டியை மடித்துக்கட்டி இறங்கினார். தண்ணீர் முழங்கால்வரை வந்தது. தலைவர் என்ற மரியாதைக்காகக்கூட அதற்குமேல் ஏறவில்லை.

"ஒண்டரை அடியும் குடலைக்கு நஞ்சுதான் சேர். உள்ளதச் சொன்னாலே வெட்டுவாங்க."

நல்லரத்தினம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். முப்பது வருடச் சேவையில், உள்ளதைச் சொல்லி ஓர் அலுவல் முடிந்ததை அவர் கண்டதில்லை. இவளை யாரோ ஏவி விட்டிருக்க வேண்டும். கைபேசியை அவளிடம் நீட்டிவிட்டு, சேற்றில் சம்மணம் கட்டி உட்கார்ந்தார். தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது.

"இப்ப எடு பிள்ள படத்த," என்றார், கம்பீரமாக.