கௌசலாவின் நான்கு கிலோ பார்சல்

2023ஆம் ஆண்டு ஆனி மாதத்து மூன்றாம் செவ்வாய்க்கிழமை காலை, பரந்தன் சந்திக்குக் கிழக்கேயிருந்த பார்சல் கடையில், இரண்டு கிலோ வறுத்த அரிசிமாவுக்குள் ஒரு வேப்பமரம் நிற்பது தெரியவந்தது. மரம் நல்ல வளர்த்தி. பூத்துமிருந்தது. கிளையொன்றில் சைக்கிள் ரியூப்பால் கட்டிய ஊஞ்சல் தொங்கியது. பார்சல்களின் உள்ளைக் காட்டும் இயந்திரத்தின் திரையில் அதைக் கண்டவள் கடையில் வேலை பார்த்த கௌசலா. அவள் பையை அவிழ்த்து, முழங்கை வரை கையை விட்டுத் துழாவினாள். உள்ளே மாவுதான் இருந்தது. பையைக் கட்டித் திரும்பவும் ஓடும் பட்டியில் வைத்து அனுப்பினாள். மரமும் திரும்ப வந்தது.

அந்த இயந்திரம் கடைக்கு வந்து அன்று நான்காம் நாள். கனடாவுக்கும் சுவிசுக்கும் பார்சல் கட்டுகிறவர்கள் மிளகாய்த்தூளின் நடுவில் கருவாட்டைப் புதைத்துவிட்டுப் படிவத்தில் ‘உடுப்பு’ என்று எழுதுவதை அந்தப் பக்கத்தில் யாரும் பொய்யாக நினைப்பதில்லை. பார்சல் கட்டுவதென்றால் அப்படித்தான். அப்படிக் கட்டியவை மாதத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கொழும்புச் சுங்கத்திலிருந்து திரும்பி வந்தன. வரும்போது அவற்றின் மணம் வாகனத்துக்கு முன்னாலேயே வந்துவிடும். கடைக்காரர் கதிர்காமநாதன் பொறுத்துப் பார்த்து, உருத்திரபுரத்தில் தண்ணீர்ப் பம்பும் தொலைக்காட்சியும் திருத்தும் தயாபரனிடம் உள்ளே இருப்பதைக் காட்டும் மெசின் ஒன்று செய்யச் சொன்னார். தயாபரன் பல் வைத்தியரொருவர் கழித்துவிட்ட எக்ஸ்றேக் குழாயையும், நெல் ஆலைப் பட்டியையும், பழைய ஸ்கானரின் கண்ணாடியையும் விளக்கையும் ஒரே பெட்டிக்குள் பூட்டினான். மேலே கண்ணாடியில் படிவத்தை வைக்க வேண்டும். கீழே பட்டியில் பார்சல் போகும். இரண்டையும் இயந்திரம் ஒரே நேரத்தில் வாசித்து, படிவத்தில் எழுதாதது பெட்டிக்குள் இருந்தால் சிவப்பு விளக்கைப் போடும்.

மரத்தைப் பார்க்கத் தயாபரனை அழைத்தார்கள். அவன் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, பிழை ஒன்றுமில்லை என்றான். எக்ஸ்றே சாமானை வாசிக்கிறது. ஸ்கானர் எழுதின கையை வாசிக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் பூட்டியதால் அனுப்புகிறவர் மனதால் வைத்ததும் சேர்ந்து விழுகிறது, அவ்வளவுதான். புதுக் கண்டுபிடிப்பாகப் பதியச் சொல்லி எண்பது பக்கக் கொப்பியில் படத்தோடு எழுதிக் கொழும்புக்கு அனுப்பினான். மூன்று பிரதி கேட்டுப் பதில் வந்தது. அனுப்பினான். பிறகு பதில் இல்லை.

மாவுக்காரி ஜெயபுரத்து ஜெகதீஸ்வரி. மரத்தை அவளிடம் சொன்னபோது, அது பழைய வீட்டு முற்றத்தில் நின்ற மரம், மகன் அதில்தான் ஆடுவான் என்று மட்டும் சொல்லிவிட்டு, படிவத்தை வாங்கி ‘வேப்பமரம் – 1, ஊஞ்சலோடு’ என்று எழுதினாள். சிவப்பு விளக்கு அணைந்தது. பார்சல் திரும்பி வரவில்லை. மாசி மாதம் கனடாவிலிருந்து மகன் போன் எடுத்துக் கதைத்தபோது, தெரு முழுக்கப் பனி கொட்டியும் தன்னுடைய பல்கனியில் மட்டும் நிழல் விழுந்ததென்றான். அதற்குள் மற்றவர்களும் எழுதப் பழகிவிட்டார்கள். அவித்துக் காயவைத்த பனங்கிழங்கான புழுக்கொடியல் பொதிக்குள் கப்பியோடு ஒரு கிணறு இருந்தது. மோர்மிளகாய்க்குள் எருமை இறங்கி நிற்கும் வாய்க்கால் ஒன்று. முல்லைத்தீவிலிருந்து பஸ் ஏறி வந்த கிறகோரி, நோர்வேயிலிருக்கும் மகள் கலிஸ்ராவுக்கென்று இறால் கருவாடு கொண்டுவந்தபோது விளக்கு நிற்காமல் எரிந்தது.

“அண்ணை, உடுப்பெண்டு எழுதியிருக்கிறியள். உள்ளுக்கை கடல் நிக்குது” என்றாள் கௌசலா.

“அது கொஞ்சந்தான் பிள்ளை.”

“முக்கால் பெட்டிக்கு நிக்குது.”

“அப்ப, தண்ணி வடிஞ்ச வத்துக்கடல் எண்டு எழுதிவிடு. அவளுக்கு விளங்கும்.”

மரத்துக்கும் கடலுக்கும் தராசில் எடை இல்லை. ஆகையால் கதிர்காமநாதன் அவற்றுக்குத் தனியாக எதுவும் அறவிடவில்லை.

இப்படி ஒன்றரை வருடத்தில் மூவாயிரம் பார்சல்களின் உள்ளைப் பார்த்த கௌசலா, தன் கணவனுக்கு ஒரு பார்சலும் அனுப்பவில்லை. நிரோஜன் பாரிசுக்குப் போய்ப் பத்து வருடம். போகும்போது அவனுக்கு இருபத்தெட்டு வயது, அவளுக்கு இருபத்தாறு, மகள் யதுர்ஷிகாவுக்குப் பதினொரு மாதம். அங்கே கடையொன்றின் குசினியில் கோப்பை கழுவத் தொடங்கி மரக்கறி வெட்டுமளவுக்கு வந்திருந்தான். விசாக் கேஸ் இரண்டு தரம் தள்ளுபடியாகி மூன்றாம் தரம் நடந்தது. அவனால் வர முடியாது, மனைவியையும் மகளையும் அங்கே எடுக்கவும் முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் கதைப்பான். ஆரம்பத்தில் ஒரு மணித்தியாலம் போன கதை வருடத்துக்கு ஐந்து நிமிடமாகத் தேய்ந்து பத்து நிமிடத்தில் வந்து நின்றிருந்தது. மகளின் இருமல், வயலுக்குத் தண்ணீர் விட்டார்களா, அங்கே குளிரா. பிறகு இருவரும் மற்றவர் போனை வைக்கட்டும் என்று காத்திருப்பார்கள்.

“ஊரில எல்லாற்ற சாமானையும் கட்டி அனுப்பிறாய்” என்றான் ஒரு ஞாயிறு. “எனக்கொண்டு போட மட்டும் கை வலிக்குதோ?”

“என்ன வேணுமெண்டு சொல்லுங்கோ, போடுறன்.”

“கேட்டு வாங்கிறதுக்கு இஞ்சையே கடை இருக்கு கௌசி.”

அவள் தள்ளிப்போட்டதற்குக் காரணம் ஒன்றுதான். திரையில் வெறும் மிளகாய்த்தூள் விழுந்தால் என்ன செய்வது? தான் அவனுக்காக இன்னும் காத்திருக்கிறாளா, அல்லது காத்திருப்பது பல் விளக்குவதைப் போல வழக்கமாகிவிட்டதா என்பது அவளுக்கே தெரியவில்லை. தெரியாமலிருக்கும்வரை சமாளிக்கலாம். அந்த இயந்திரம் எவருக்கும் முகம் பார்த்துச் சொல்வதில்லை.

2024 கார்த்திகையில் ஒரு மழை நாள், துணிந்து கட்டினாள். அவனுக்குப் பிடித்த ஒடியல் மா, கூனி இறால், பனங்கட்டி, கறுப்புக் கோடு போட்ட சேட்டு ஒன்று. படிவத்தை எழுதிக் கண்ணாடியில் வைத்துப் பட்டியை ஓடவிட்டாள். ஒடியல் மா விழுந்தது. கூனி விழுந்தது. பனங்கட்டி எட்டும் எண்ணக்கூடியதாக விழுந்தன. சேட்டின் முன்பக்கத்தில் ஐந்து தெறி. சிவப்பு விளக்கு எரியவில்லை. மூன்று தரம் அனுப்பினாள், மூன்று தரமும் எரியவில்லை. பின்னால் நின்று பார்த்த கதிர்காமநாதன், “கடை துறந்த நாளிலயிருந்து இப்பிடியொரு நேர்மையான பார்சலை நான் காணேல்லைப் பிள்ளை” என்று சிரித்தார். அவளும் சிரித்தாள். பின்னேரம் அந்தப் பெட்டியை மழை படாமல் பொலித்தீனால் சுற்றி, சைக்கிளின் பின்னால் கட்டி, முரசுமோட்டையில் இருந்த தன் வீட்டுக்கே திருப்பிக் கொண்டுபோனாள். அன்றிரவு கூனியைச் சம்பலாக்கினாள். மகள் இரண்டு தரம் சோறு கேட்டாள்.

பத்து நாள் கழித்துப் பாரிசிலிருந்து நிரோஜனின் பெட்டி கடைக்கு வந்தது. வருகிற பெட்டிகளை மெசினில் போடும் வழக்கமில்லை. கதிர்காமநாதன் சாப்பிடப் போயிருந்த நேரம், அவன் கையால் நிரப்பி ஒட்டியிருந்த படிவத்தைப் பிய்த்துக் கண்ணாடியில் வைத்து, பெட்டியைப் பட்டியில் விட்டாள். சொக்கிலேற், சம்போ, சிறுமியின் சப்பாத்து என்று எழுதியிருந்தது. விளக்கு எரிந்தது. சப்பாத்துக்கும் சம்போவுக்கும் நடுவில் அவளுடைய வீட்டுக் குசினி வாசல் இருந்தது, தகரம் மாற்றுவதற்கு முந்தின வாசல். அதில் பச்சைச் சட்டையோடு ஒரு பெண் இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு நின்றாள். பின்னல் இடுப்புக்குக் கீழே வந்தது. கௌசலா அவளை யாரென்று அறியக் கொஞ்ச நேரம் எடுத்தது. அந்தச் சட்டை அடுப்படிக் கைபிடித்துணியாகி ஆறு வருடம். பின்னலைச் சின்னம்மை நோய் வந்து மாறிய பிறகு வெட்டிவிட்டாள். குழந்தை இப்போது ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தது.

பட்டி நின்ற பிறகும் அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை காலமும் பிடிவாதமாக ஏங்கியிருக்கிறான். ஆனால் அந்தப் பெண்ணுக்காக. இவள் கட்டிய பெட்டியும் பனங்கட்டியை வேலியில் சாய்ந்து நின்று கடித்துத் தின்னும் இருபத்தெட்டு வயதுக்காரனுக்கானது. அந்த முகவரியில் அப்படி ஒருவரும் இல்லை. ஆளில்லாத இடத்துக்கு மனம் எதைத்தான் வைக்கும்? அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அது துக்கமா ஆறுதலா என்று அவள் பார்க்கவில்லை.

அடுத்த நாள் வேறொரு பெட்டி கட்டினாள். சாப்பாட்டுச் சாமான் எதையும் வைக்கவில்லை. முதல் நாள் உடுத்துத் தோய்க்காத சட்டை, நரைமுடி சிக்கிய சீப்பு, சட்டம் உடைந்து நூல் கட்டிய வாசிப்புக் கண்ணாடி, அரைத்தரைத்து நடு ஒடுங்கிய அம்மிக்குழவி, முழங்கால் நோவுக்குப் பூசும் எண்ணெய் அரைப் போத்தல். படிவத்தின் முதல் வரியில் ‘கௌசலா – 1, வயது முப்பத்தாறு’ என்று எழுதினாள். புதியதா பாவித்ததா என்ற இடத்தில் ‘பாவித்தது’ என்று எழுதினாள். பட்டியை ஓடவிட்டபோது, சீப்புக்கும் சட்டைக்கும் நடுவில், முழங்காலைக் கட்டிக்கொண்டு, கட்டை மயிரோடு அவளே உட்கார்ந்திருந்தாள். முகம் பெட்டியின் மூடியை நிமிர்ந்து பார்த்தபடி இருந்தது. விளக்கு எரியவில்லை.

கதிர்காமநாதன் திரையைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

“நாளைக்குக் கடைக்கு வருவியோ பிள்ளை?”

“வருவன் அண்ணை. எட்டு மணிக்கு.”

அவர் தராசில் வைத்தார். நான்கு கிலோ நூறு. நூறைத் தள்ளிவிட்டு முத்திரை குத்தினார்.

பெட்டி போய்ச் சேர்ந்தது மார்கழி இரண்டாம் வாரம். அந்த ஞாயிறு நிரோஜன் வழக்கத்தைவிட நேரத்தோடு எடுத்தான்.

“வந்திட்டாய்” என்றான்.

“ஓம்.”

“மயிர் வெட்டினதைச் சொல்லவே இல்லை.”

“நீங்களும் கேக்கேல்லை. எங்கை இருக்கிறன்?”

“யன்னல் கரையில, கதிரையில. ரோட்டைப் பாத்துக்கொண்டு. எனக்கும் முன்மயிர் கொட்டிட்டுது, முதல் அதைத்தான் பாத்துச் சிரிச்சனி.” குரலைத் தாழ்த்தினான். “தேத்தண்ணி போட்டுக் குடுத்தனான். குடிக்கேல்லை.”

“எத்தினை கரண்டி சீனி போட்டனீங்கள்?”

“மூண்டு. நீ மூண்டெல்லோ.”

“அது அப்ப. இப்ப நான் சீனி போடுறேல்லை.”

அவன் கோப்பையை எடுத்துக்கொண்டு போவது கேட்டது. தண்ணீர்க் குழாய் திறந்தது, கேத்தில் கொதித்தது. அன்றைய கதை இரண்டு மணித்தியாலம் போனது. அதன் பிறகு, மூன்றாவது கேஸ் நடந்துகொண்டிருந்த அடுத்த வருடம் முழுவதும், பாரிசில் விடிகிற நேரமான காலை பதினொன்றரைக்கு, கடையில் பார்சல்களுக்கு இலக்கம் போட்டுக்கொண்டிருக்கும்போது, கௌசலாவின் வாயில் சீனியில்லாத தேத்தண்ணீரின் ருசி வந்து போகும். தண்ணீர் வேறு ஊர்த் தண்ணீர். சாயம் கொஞ்சம் கடுப்பாக இருக்கும். அவள் அதைக் குடித்து முடிக்கும்வரை கதிர்காமநாதன் அடுத்த பார்சலை நீட்டுவதில்லை.