நீலமாக வந்த படம்

1

இதுவரை எழுதப்பட்ட எல்லாக் கதைகளும், வாசகருக்கு வலிக்கக்கூடாதென்று ஏதோ ஓரிடத்தில் பொய் சொல்கின்றன. அப்படிச் சொல்லாத முதல் கதை இது. இதன் ஆசிரியன் கல்லூரி இரண்டாம் ஆண்டு மாணவன்.

கதை பிறந்தது அக்காவின் மடிக்கணினியில். கடற்கரை மணலில் இரும்புக் கம்பிகளை வரிசையாக அடித்து, மின்சாரம் செலுத்தி, நிலத்தடி நீர் எவ்வழியே கடலுக்குள் போகிறது என்று படமெடுப்பது அவள் வேலை. நல்ல நீர் மின்சாரத்தை மறிக்கும்; உப்பு நீர் விட்டுவிடும்.*

* ஆசிரியனுக்கு இயற்பியலில் இருமுறை பெயில். அக்காவிடம் கேட்டுச் சரிபார்த்தது.

2

தொடக்கம் ஒன்று: "கடலுக்குத் தாகமெடுத்தது." (அடித்தாயிற்று. கடலுக்கு என்ன கேடு?)

தொடக்கம் இரண்டு: "வீட்டுக் கிணற்றைத் தோண்டும்போது மண் சரிந்து, சித்தப்பா உள்ளேயே..."

(இந்த வாக்கியத்தை அப்பாவும் முடித்ததில்லை.)

3

அப்பா பாத்திரம் நம்பும்படி இல்லை. தினமும் காலையில் அந்தக் கிணற்று நீரை ஒரு டம்ளர் குடித்துவிட்டு, "தேனா இருக்கு. என் தம்பி சும்மா போகல" என்பார். சில மாதமாகச் சோப்பு நுரைப்பதில்லை; எலுமிச்சை இலைகள் ஓரம் கருகுகின்றன. அப்போதும் தேன்தான். மகன் அதை நடித்துக்காட்டி விடுதியையே சிரிக்கவைத்திருக்கிறான்.

(மகன், ஆசிரியன் என்றெல்லாம் எழுதி அலுத்துவிட்டது. நான்தான்.)

4

நேற்று அக்காவின் கம்பி வரிசை எங்கள் வாசல்வரை வந்தது. படத்தில் வீட்டுக்கு அடியில் முழுக்க நீலம்.

"அடேயப்பா, எவ்வளவு தண்ணி!" என்று அப்பா படத்தைத் தடவினார்.

அந்தப் படத்தில் நீலம் என்றால் உப்பு. ஊரைச் சுற்றியுள்ள ஆலைகள் நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்ச, கடலுக்குப் போய்க்கொண்டிருந்த நல்ல நீர் வற்றி, கடல் உள்ளே வந்துவிட்டது.

அக்கா என்னைப் பின்கட்டுக்கு இழுத்துப் போனாள்.

"சொல்லுடா. நீதான் பொய்யே சொல்லாத பெரிய மனுஷனாச்சே."

"படிச்சவ நீ. நீ சொல்லு."

"நாளைக்கு அறிக்கை குடுத்துருவேன். கிணத்த மூடிருவாங்க. யாரோ வந்து சொல்றதுக்கு முன்னாடி நம்ம வீட்டு ஆளு சொல்லணும்டா."

5

முடிவு அ: நான் சொல்கிறேன். அப்பா கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு...

முடிவு ஆ: அக்கா படத்தின் நிறத்தை மாற்றிவிடுகிறாள். (மாட்டாள். அவளை எனக்குத் தெரியும்.)

முடிவு இ: வாசகரே, நீங்கள் சொல்லிவிடுங்களேன்.

இன்று காலை அப்பா குடிக்கவில்லை. டம்ளரை என்னிடம் நீட்டினார்.

"நீ குடிச்சுப் பாரு. எப்படி இருக்கு?"

இதுவரை யாரிடமும் அவர் கேட்டதில்லை. அக்கா அறிக்கையோடு வாசலில் நின்றாள்.

குடித்தேன். தொண்டை எரிந்தது.

"தேனா இருக்குப்பா" என்றேன். மிச்சத்தையும் குடித்தேன்.